மசலா என்னும் சொல்லும் பிள்ளைகளின் வினாக்களும்

சென்னைத் துறைமுகத்தை விட்டு வடக்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் செல்வோர் தண்டையார்பேட்டையையும் சுங்கச்சாவடியையும் கடந்ததும் காலடிப்பேட்டையை அடைவர். 2021ஆம் ஆண்டு முதல் அங்கே மெட்ரோ இரயில் நிலையம் ஒன்றும் இயங்கி வருகிறது. ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன், அப்பகுதியின் மக்தப் ஒன்றில் அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணி எனக்கு வாய்த்திருந்தது. ஒருநாள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், "அஸ்ரத், காலடிப்பேட்டை என்கிறார்களே, அது யாருடைய காலடி?" என்று கேட்டான். "யாரோ ஒரு பெரியவருடையதாக இருக்கும். நீ பாடத்தைப் பார்" என்றேன்.

அது யாருடைய காலடியும் அன்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்பவர் திருவொற்றியூருக்கு அருகே நெசவாளர்களைக் குடியமர்த்தி ஓர் ஊரை உண்டாக்கினார். காலட் பேட்டை என்பது மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இதனை நான் அறிந்தது பின்னாளில், பட்ட மேற்படிப்புக்காகச் சென்னை வரலாற்று நூல்களைப் புரட்டியபோதுதான். அந்தக் காலட் தம் புதல்வியரை இங்கிலாந்தில் விட்டுவிட்டுக் கடல் கடந்து வந்தவர். மடல்கள் வாயிலாகவே அவர்களுக்கு அறிவுரை கூறிவந்தார். 1716இல் சீனக் கலைஞர் ஒருவர் வடித்த தம் சிறிய களிமண் உருவத்தையும் மகள் எலிசபெத்துக்கு அனுப்பினார். அவ்வுருவம் இன்று லண்டன் தேசிய உருவப்படக் காட்சிக்கூடத்தில் உள்ளது. வளைகுடா நாடுகளிலிருந்து கைப்பேசியில் பிள்ளைகளுக்கு முகம் காட்டும் நம் தந்தையர்க்கு இது வியப்பாக இராது. ஊர்ப்பெயர் ஒன்றைப் பற்றிய சிறு பிள்ளையின் கேள்விக்குள் இவ்வளவு இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.

அதே சிறுவன் சில வாரங்கள் கழித்து வேறொரு கேள்வி கேட்டான். எல்லாவற்றையும் அல்லாஹ் படைத்தான் என்றால் அல்லாஹ்வைப் படைத்தது யார் என்றான். மற்றப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தனர். மேசை மீது பிரம்பு இருந்தது. அதனை நான் எடுக்கவில்லை. ஆயினும், "இப்படியெல்லாம் கேட்பது ஈமானுக்குக் கேடு, இனிக் கேட்காதே" என்று உரத்துச் சொன்னேன். அவன் அதற்குப்பின் என்னிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை. ஒழுங்கான மாணவனாகி விட்டான் என்று நான் மகிழ்ந்ததும் உண்டு.

நம் மார்க்க மரபில் வினாவுக்கு உள்ள இடத்தை எண்ணிப் பார்க்கையில் அந்த மகிழ்ச்சி எத்துணைப் பிழையானது என்பது புலனாகும். ஈமான், இஸ்லாம், இஹ்ஸான் ஆகியவற்றின் விளக்கம் நமக்குக் கிட்டியதே ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து அடுத்தடுத்துக் கேட்ட கேள்விகளால்தான். மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) இஸ்லாத்தைத் தழுவுமுன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மறுமையின் முதல் அடையாளம் எது, சுவர்க்கவாசிகள் உண்ணும் முதல் உணவு எது, குழந்தை தந்தையையோ தாயையோ ஒத்திருப்பது எதனால் என்பன அவை. மூன்றாவது கேள்வியை நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கின்றனர். பேரறிஞர் ஒருவர் நபித்துவத்தைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த வினாக்களுள் அதுவும் ஒன்று.

நாயகம் (ஸல்) அவர்களும் வினாத் தொடுப்பதுண்டு. இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் ஒன்று உண்டு, அது எது என ஒருமுறை தோழர்களிடம் விடுகதை போல் கேட்டார்கள். எல்லோரும் பாலைவன மரங்களை எண்ணித் திகைத்தனர். சிறுவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று தோன்றிற்று. ஆயினும் அவையில் தாமே வயதில் இளையவர் என்று கூச்சப்பட்டு வாய்திறக்கவில்லை. வீடு திரும்புகையில் தந்தையிடம் அதனைச் சொன்னார். சபை அடக்கம் காத்தாய் என்று உமர் (ரலி) பாராட்டவில்லை. நீ அதை அங்கே சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வங்களைவிட எனக்கு உவப்பாக இருந்திருக்குமே என்று வருந்தினார்கள். பெரியோர் அவையில் பிள்ளைகள் வாய்மூடி இருப்பதே அதபு என்று நாம் கற்பித்து வருகிறோம். உமர் (ரலி) அவர்களைவிட அதபு அறிந்தவர்களா நாம்?

என் மாணவன் கேட்ட இரண்டாம் கேள்விக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. வெளியில் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுகின்றன என்று தோழர்கள் சிலர் முறையிட்டபோது, அந்த அச்சத்தையே தெளிவான ஈமான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதை முஸ்லிம் பதிவுசெய்துள்ளார். படைத்தவனைப் படைத்தது யார் என்ற எண்ணம் தோன்றினால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி அத்துடன் நிறுத்திக்கொள்ளுமாறு வரும் அறிவிப்பைத்தான் நான் அரைகுறையாக நினைவில் வைத்திருந்தேன். அபூதாவூதில் உள்ள மற்றோர் அறிவிப்பு அவ்வேளையில் இக்லாஸ் அத்தியாயத்தின் பொருளைச் சொல்லுமாறு பணிக்கிறது. அவன் யாராலும் பெறப்பட்டவன் அல்லன் என்பது அதில் உள்ளது. ஆக, கேட்டவனை விரட்டச் சொல்லவில்லை, அவனுக்கு விடை கொடுக்கச் சொல்லப்பட்டுள்ளது. அந்தச் சிறுவன் அன்று மாலையும் அந்த அத்தியாயத்தை எனக்கு ஒப்பித்திருந்தான். விடை அவன் நாவிலேயே இருந்தது. அதனை எடுத்துக் காட்டவேண்டிய ஆசிரியன் உரத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய வரலாறே ஒரு கேள்வி நூலோடு தொடங்குகிறது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பல்சந்தமாலையின் சில பாடல்கள் நீங்கலாக, இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது ஆயிர மசலா. செய்கு இசுகாக் என்னும் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றி 1572இல் மதுரையில் அரங்கேற்றியது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூத்தது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்ட மூன்று கேள்விகள் இதில் ஆயிரமாகப் பெருகியுள்ளன. வானம், பூமி, மலக்குகள், சுவர்க்கம், நரகம், உலக முடிவு என ஒன்றன்பின் ஒன்றாக வினாவும் விடையுமாக நூல் நடக்கிறது.

இக்கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபி மூலம் ஒன்று 1143ஆம் ஆண்டு வாக்கிலேயே ஐரோப்பாவில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. அப்பெயர்ப்பு நம் மார்க்கத்தை மறுப்பதற்காகச் செய்யப்பட்டது என்பது வேறு. பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் அது வழங்கியது. தமிழ், மலாய், ஜாவா வடிவங்களை ஒப்பிட்டு ரோனிட் ரிச்சி என்னும் அறிஞர் 2011இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியுள்ளார். கப்பலேறிச் சென்ற நம் வணிகர்கள் துணியையும் மிளகையும் போலவே கேள்விகளையும் துறைமுகந்தோறும் பரிமாறிக்கொண்டனர் போலும்.

ஆயிர மசலாவின் வழியில் நூறு மசலா, வெள்ளாட்டி மசலா முதலியனவும் தோன்றின. நூறு மசலாவில் ஓர் அரசகுமாரி தன்னை மணக்க வருவோரிடம் புதிர்களைத் தொடுக்கிறாள், அப்பாஸ் என்னும் இளைஞன் விடையிறுக்கிறான். வெள்ளாட்டி மசலா ஓர் அடிமைப்பெண்ணின் கல்வித்திறத்தைச் சொல்வது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் தவத்துத் கதையை அறிந்தோர்க்கு அதன் சாயல் விளங்கும். கேட்பவளும் விடையளிப்பவளும் பெண்ணாக இருப்பதை நம் இளைஞர்கள் கவனிக்கவேண்டும். இந்நூல்கள் புலவர்க்கென்று இயற்றப்பட்டன அல்ல. தமிழெழுத்திலும் அரபுத்தமிழிலும் படித்தும், படிக்கக் கேட்டும் வீட்டுக்குள் வாழ்ந்தவை. என் பாட்டியாருக்குத் தமிழெழுத்து தெரியாது, அரபுத்தமிழ் தெரியும். இஷாவுக்குப் பின் அவர் ஒரு வினாவைப் படித்து நிறுத்துவார். நாங்கள் ஆளுக்கொரு விடை சொல்வோம். சரியோ தவறோ, எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் புத்தகத்தின் விடை வரும்.

இனி, ஓர் அரபிக் கல்லூரி ஆசிரியன் என்ற முறையில் சொல்லியாக வேண்டியதையும் சொல்கிறேன். ஆயிர மசலாவில் வரும் விடைகளை நபிமொழிகள் என்று கொள்வதற்கில்லை. மூன்று கேள்விகளுக்கு ஸனது உண்டு, ஆயிரத்துக்கு இல்லை. அவற்றுள் இஸ்ராயீலிய்யத் கதைகள் மிகுதி. இருபதாம் நூற்றாண்டில் பா. தாவூத் ஷா போன்றோரும் அவருக்குப் பின் வந்த சீர்திருத்தவாதிகளும் ஆதாரமற்ற கதைகளைக் கண்டித்தபோது இத்தகைய நூல்கள் மெல்ல வீடுகளை விட்டு வெளியேறின. அதனைப் பிழை என்று நான் கூறமாட்டேன். ஆனால் வெளியேறியது விடைகள் மட்டும்தானா? விளக்கைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கேட்க மற்றவர் யோசித்த அந்த அரைமணி நேரமும் கூடவே வெளியேறியது. ஆதாரமுள்ள விடைகளைக் கொண்டு அந்த நேரத்தை நாம் நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை.

மசலா என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியும் இதனையே காட்டுகிறது. சமையலறை மசாலாவோடு இதனைக் குழப்பிக்கொள்வோர் உளர். அது மஸாலிஹ் என்னும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. நம் மசலாவோ மஸ்அலா, ஸுஆல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. கேட்கப்படுவது, வினா என்பதே பொருள். இன்றோ, "அஸ்ரத், இதற்கு மஸ்அலா என்ன?" என்று நம்மிடம் கேட்கின்றனர். சட்டம் என்ன, தீர்ப்பு என்ன என்று பொருள். கேள்வியைக் குறித்த சொல் விடையைக் குறிக்கலாயிற்று. பத்திரிகைகளின் கேள்வி பதில் பகுதிகளும் இவ்வாறே, கூடும் கூடாது என்ற இரு சொற்களில் அடங்கிவிடுகின்றன. அவற்றைப் பெரியவர்கள் படிக்கின்றனர். பிள்ளைகளின் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

இது நம் காலத்து நோய் மட்டுமன்று. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மக்ரிபு நாட்டு மாணவர் பலர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாட அவைகளில் கழித்தும் வாய்திறவாமல் மனனம் மட்டுமே செய்வதால் கல்வியில் ஆற்றல் பெறாமல் போவதைக் குறிப்பிடுகிறார். கல்வியில் திறன் பெற எளிய வழி நாவை உரையாடலில் பழக்குவதே என்பது அவர் கருத்து. கடுமையாக நடத்தப்படும் பிள்ளை பொய்யும் பாசாங்கும் கற்றுக்கொள்ளும் என்றும் அவர் எச்சரிக்கிறார். நான் ஓதிய மத்ரஸாவிலும் இப்னு கல்தூனின் பெயரைச் சொல்லித்தந்தனர். இந்தப் பகுதியை நானேதான் பின்னர் படித்துக்கொண்டேன்.

பிள்ளைகளின் ஓய்வு நேரத்தைப் பற்றியும் நம் முன்னோர் எழுதாமல் இல்லை. கைரவானில் வாழ்ந்து 1012இல் மறைந்த காபிஸீ, ஆசிரியர் மாணவர் பற்றிய தம் நூலில் வியாழன் நண்பகல் முதல் வெள்ளி முழுவதும் பிள்ளைகளுக்கு விடுமுறை வழங்குவதைப் பேசுகிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், மக்தபிலிருந்து திரும்பும் பிள்ளையை நல்ல விளையாட்டில் விட்டுக் களைப்பாற விடவேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்தில் அழுத்தினால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, தப்பிக்கச் சூழ்ச்சி தேடும் நிலைக்குப் பிள்ளை வந்துவிடும் என்பது அவர் முடிவு. இன்று காலை பள்ளி, மாலை மக்தப், இரவு டியூஷன் என்று ஓடும் பிள்ளை கிடைத்த கால்மணி நேரத்தில் கைப்பேசிக்குள் புகுந்துகொள்வது அந்தச் சூழ்ச்சியின் ஒரு வகைதான்.

விளையாட்டைப் பற்றிச் சொல்கையில் அபூ உமைரை விட்டுவிட இயலாது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அச்சிறுவர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்தார். அது இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ஒரு பெரிய மனிதரைப் போலப் புனைபெயரால் விளித்துப் பறவை என்னவாயிற்று என்று கேட்டார்கள். ஓதினாயா என்று கேட்கவில்லை. இந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (மறைவு ஹிஜ்ரி 335) அறுபது படிப்பினைகளைத் திரட்டித் தனி நூலே செய்தார். ஹதீஸ் கலையினர் பயனற்ற செய்திகளையும் அறிவிக்கின்றனர் என்று கூறி இந்த ஹதீஸையே எடுத்துக்காட்டாகச் சொன்ன ஒருவருக்கு மறுமொழி அது. பிள்ளையின் பறவை பயனற்ற செய்தி என்று நினைப்போர் அன்றும் இருந்தனர்.

எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும் என்ற அச்சமே பெற்றோர் பலரை அதட்ட வைக்கிறது. என்னை அதட்ட வைத்ததும் அதுவே. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்குத் தெரியாது என்று விடையளித்ததைத் தாம் கண்டதாக ஹைஸம் இப்னு ஜமீல் அறிவிக்கிறார். மதீனாவின் இமாமுக்கு இழுக்காகாத அச்சொல் காலடிப்பேட்டையின் மக்தப் ஆசிரியனுக்கு இழுக்காகி இராது.

சென்ற ஆண்டு அப்பகுதியில் ஒரு நிக்காஹுக்குச் சென்றிருந்தேன். மக்ரிபு தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் அமர்ந்திருந்தபோது ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்தார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் யார்டு ஒன்றில் பணி. என் பழைய மாணவன். கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளை நின்றது. "அஸ்ரத், இவன் அல்லாஹ்வைப் படைத்தது யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதட்டிவிட்டேன்" என்றார். தாமே அதனை என்னிடம் கேட்டது அவர் நினைவில் இல்லை. நான் நினைவூட்டினேன். என் பிழையையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

பிள்ளையை அருகில் அமர்த்தி இக்லாஸ் அத்தியாயத்தை ஓதச் சொன்னேன். அழகாக ஓதினான். மூன்றாம் வசனத்தில் நிறுத்தி, அதன் பொருள் தெரியுமா என்றேன். தெரியாது என்றான். சொன்னேன். யாரேனும் படைத்திருந்தால் அவன் அல்லாஹ்வாக இருக்க முடியாது, படைக்கப்பட்ட இன்னொன்றாகத்தான் இருப்பான் என்று அவனுக்கு விளங்கும் சொற்களில் கூறினேன். சற்று நேரம் சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்படியென்றால், அஸ்ரத்..." என்று அடுத்ததைத் தொடங்கினான். "அஸ்ரத்தைத் தொந்தரவு செய்யாதே" என்றார் தந்தை. இஷாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. கேட்கட்டும் என்றேன்.