ஜாஸ் கிடாரும் சாஸ்திரிய இசையும்

ஜாஸ் என்றால் கட்டுக்கடங்காத கூச்சல் என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். கிடார் பயில விரும்பும் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதும் உண்டு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்களிடையே பிறந்த அவ்விசை, தொடக்கம் முதலே சாஸ்திரிய சங்கீதத்துடன் உறவு பூண்டது. அந்நகரத்துக் கிரியோல் கலைஞருட் பலர் ஐரோப்பிய முறையில் முறையாகப் பயின்றவரே.

கிடாரைப் பொறுத்தவரை முதலில் நினைக்கத்தக்கவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910-இல் பெல்ஜியத்தில் நாடோடி ரோமா குலத்தில் தோன்றியவர். (அக்குலத்தின் முன்னோர் நம் நாட்டிலிருந்து சென்றவர் என்பதை இங்குக் குறிப்பிடலாம்.) 1928-இல் அவர் வாழ்ந்த வண்டி தீப்பற்றியது, இடக்கையின் இரு விரல்கள் முடங்கின. எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே புதுவழி கண்டார். இசைக்குறிகளைப் படிக்க அறியாத இவர், 1937-இல் பாரிஸில், பாக் இயற்றிய இரட்டை வயலின் உருப்படியின் முதற்பகுதியை எட்டி சவுத், ஸ்டெஃபான் கிராப்பெல்லி என்னும் இரு வயலின் கலைஞருடன் இசைத்தட்டில் பதித்தார். வாத்தியக் குழு முழுவதும் வாசிக்க வேண்டியதை ஒற்றைக் கிடார் தாங்கிற்று! ஒருமுறை எழுதியவாறே ஜாஸ் நடையிலும், மறுமுறை மனோதர்மமாகவும் வாசித்தனர். கீர்த்தனைக்குப் பின் கற்பனை ஸ்வரம் கேட்டுப் பழகிய நமக்கு இது புதுமையன்று.

சார்லி பைர்டு 1954-இல் இத்தாலியில் செகோவியாவிடம் பயின்று, அவ்விரல் முறையை ஜாஸுக்குக் கொணர்ந்தார்.

நம் இசையை நாடி வந்தவர் ஆங்கிலேயரான ஜான் மக்லாக்லின். இவர் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். கிடாரின் தட்டையான பலகை அதற்கு இடந்தராது. ஆகவே மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தும், உடன் ஒலிக்கும் ஏழு தந்திகளைக் குறுக்கே பூட்டியும் தமக்கென ஒரு கிடார் செய்வித்துக்கொண்டார். கருவியையே திருத்திக்கொள்ளத் துணிந்த இப்பணிவை, மேடையில் அவர் காட்டிய வேகத்தினும் பெரிதாக யான் மதிக்கிறேன். 1975-இல் எல். சங்கரின் வயலின், ஜாகிர் ஹுசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு அவர் அமைத்த ‘சக்தி’ குழு அமெரிக்காவில் வாசித்தது. பின்னாளில் அக்குழுவில் விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிரா ஏற்றார். 2024-இல் அவர்கள் இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது.