கணக்கில் வராத ஆட்டங்கள்: அமெரிக்க பேஸ்பாலில் நீக்ரோ லீக்குகளின் தோற்றமும் மறைவும் மீட்பும்

எந்தெந்த லீக்குகளை ‘மேஜர் லீக்’ என்று ஏற்பது என்று முடிவுசெய்ய அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. 1969-இல் அந்தக் குழு தன் பட்டியலை வெளியிட்டது. நடப்பில் இருந்த நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் ஆகியவற்றோடு, என்றோ மூடப்பட்ட நான்கு லீக்குகளும் அதில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று யூனியன் அசோசியேஷன். 1884-இல் ஒரே ஒரு பருவம் நடந்து, அதற்குள்ளேயே சில அணிகள் கலைந்து நின்றுபோன லீக் அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்த கறுப்பின லீக்குகளையோ குழு பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மறுத்திருந்தாலாவது காரணம் எழுத வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தோடு பின்னால் வருபவர் வாதாடலாம். பேச்சே எழாத இடத்தில் வாதாட எதுவும் இல்லை. கறுப்பினத்தவருக்கு மைதானத்து வாசலில் இருந்த தடை 1947-இல் விலகியது. பதிவேட்டில் இருந்த தடை விலக மேலும் 73 ஆண்டுகள் பிடித்தன. இந்த இரண்டாவது தடையின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கத்தில் கதவு முழுதாக அடைபட்டிருக்கவில்லை. 1884-இல் டொலீடோ புளூ ஸ்டாக்கிங்ஸ் அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் ஆடினார். அவர் கேட்சர், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்பதுபோல மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர். முறையான கையுறை பரவாத அந்தக் காலத்தில் வெறும் கையால் பிடித்தே விரல்களைப் புண்ணாக்கிக்கொண்டவர். சிகாகோ அணியின் தலைவரும் அன்றைய பெரும் நட்சத்திரமுமான கேப் ஆன்சன், கறுப்பர் இருக்கும் அணியோடு ஆட மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். 1887 ஜூலை 14 அன்று இன்டர்நேஷனல் லீக்கின் உரிமையாளர்கள், இனிமேல் கறுப்பின ஆட்டக்காரர்களுடன் புது ஒப்பந்தம் போடுவதில்லை என்று வாக்களித்தார்கள். மேஜர் லீக்குகளோ அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். எழுதப்படாத அந்த ஏற்பாடு அறுபது ஆண்டுகள் தாங்கியது. எழுதிய சட்டமாக இருந்திருந்தால் நீதிமன்றத்துக்காவது போயிருக்கலாம்.

விலக்கப்பட்டவர்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. 1885-இலேயே நியூயார்க் மாநிலத்தின் பாபிலோன் ஊரில், ஒரு விடுதியை ஒட்டி, கியூபன் ஜயன்ட்ஸ் என்ற அணி உருவாகிவிட்டது. கூலி வாங்கி ஆடிய முதல் கறுப்பின அணி என்று அதையே குறிப்பிடுகிறார்கள். ஊர் ஊராகச் சென்று, யார் எதிர்த்து வந்தாலும் ஆடி, வசூலில் பங்கு வாங்குவதுதான் இத்தகைய அணிகளின் பிழைப்பு. அந்த அலைச்சலுக்கு ஒரு சட்டகம் கொடுத்தவர் ரூப் ஃபாஸ்டர். பந்து வீசுவதில் பேர்போனவராக இருந்து, சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியின் மேலாளராகவும் உரிமையாளராகவும் உயர்ந்தவர். 1920 பிப்ரவரி 13 அன்று கான்சஸ் சிட்டியின் பசியோ ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் அவர் கூட்டிய கூட்டத்தில் நீக்ரோ நேஷனல் லீக் பிறந்தது. எட்டு அணிகள். ஓர் அணி ஓங்கி மற்றவை தேய்ந்தால் லீக்கே சாகும் என்று உணர்ந்திருந்த ஃபாஸ்டர், தன் அணியின் ஆளையே வேறு அணிக்கு அனுப்பிச் சமன்செய்தார். ஆஸ்கர் சார்ல்ஸ்டன் போன்ற மேதையை இண்டியானாபொலிசுக்கு விட்டுக்கொடுத்தது அப்படித்தான். 1926-இல் ஃபாஸ்டர் மனநலம் குன்றிக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்; 1930-இல் அங்கேயே இறந்தார். அடுத்த ஆண்டோடு அவருடைய லீக்கும் முடிந்தது.

லீக் நொடிந்துகொண்டிருந்தபோதே அணிகள் பிழைக்க வழி தேடின. கான்சஸ் சிட்டி மானர்க்ஸ் அணியின் உரிமையாளர் ஜே. எல். வில்கின்சன் செய்த ஏற்பாடு வியப்பானது. நீட்டி மடக்கும் கம்பங்களில் விளக்குகளைப் பொருத்தி, லாரிகளில் ஏற்றி, கூடவே ஒரு ஜெனரேட்டரையும் இழுத்துக்கொண்டு அணி புறப்பட்டது. ஊர் எல்லையில் லாரி நிற்கும்; கம்பங்கள் எழும்; ஜெனரேட்டரின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது; ஆனால் பகலெல்லாம் உழைத்த கூலிக்காரர் இரவில் வந்து ஆட்டம் பார்க்க முடிந்தது. 1930-இல் மானர்க்ஸ் இப்படி ஆடத் தொடங்கியது. மேஜர் லீக்கில் முதல் இரவு ஆட்டம் 1935 மே 24 அன்றுதான், சின்சினாட்டியில் நடந்தது. புதுமையை விலக்கப்பட்டவர்கள் முதலில் செய்தார்கள். புத்தகத்தில் மற்றவர் பெயர் ஏறியது.

1933-இல் கஸ் கிரீன்லீ முன்னின்று இரண்டாவது நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணியின் உரிமையாளரான அவருடைய பணம் சட்டவிரோதச் சூதாட்டத்தில் வந்தது. வங்கிகள் கறுப்பின முதலாளிக்குக் கடன் தராத காலத்தில் வேறு எங்கிருந்து முதல் வரும் என்ற கேள்வியையும் சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கில் கிழக்கு–மேற்கு நட்சத்திர ஆட்டம் தொடங்கி, ஆண்டுதோறும் பெருங்கூட்டத்தைக் கூட்டியது. கிராஃபர்ட்ஸில் சாச்சல் பெய்ஜ் பந்து வீசினார்; ஜோஷ் கிப்சன் அதைப் பிடித்தார்; கூல் பாப்பா பெல் மின்னலாய் ஓடினார். பின்னர் கிப்சன் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்குத் திரும்பி, பக் லெனர்டுடன் சேர்ந்து எதிரணிகளை நடுங்க வைத்தார். கிரேஸ் அணி வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடியது. அந்த வாடகை, கறுப்பர் ஒருவரையும் சேர்க்காத வாஷிங்டன் அணியின் உரிமையாளருக்கே போனது.

கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழியுமுன், ஏப்ரல் 15 அன்று, மானர்க்ஸ் அணியில் 1945-இல் ஆடியிருந்த ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் சீருடையில் களம் இறங்கினார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை என்னால் இன்றும் அமைதியாகக் கடக்க முடியவில்லை.

ராபின்சனின் வருகை வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது, அதில் பிழையில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. ராபின்சனை எடுத்துக்கொண்டதற்காக டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி மானர்க்ஸுக்கு ஒரு காசும் தரவில்லை. நீவர்க் ஈகிள்ஸ் அணியை நடத்திவந்த எஃபா மேன்லி, லாரி டோபியைக் கிளீவ்லண்டுக்கு விடும்போது விடாப்பிடியாக நின்று பணம் பெற்றார். 1948-இல் 42 வயதுப் பெய்ஜும் கிளீவ்லண்டுக்குப் போனார். ஆட்டக்காரர் போன பக்கமே ரசிகரும் போனார்கள். அந்தப் பருவத்தோடு நீக்ரோ நேஷனல் லீக் கலைந்தது. சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டுமே; உரிமையாளர், மேலாளர், நடுவர், சீட்டு விற்றவர் யாருக்கும் அழைப்பு வரவில்லை. ஆட்டக்காரர் சேர்க்கையும் இழுபறிதான்: பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்கியது 1959-இல்.

இனி பதிவேட்டுக்கு வருவோம். கிப்சன் 800-க்கு அருகில் ஹோம் ரன் அடித்தார் என்று கூப்பர்ஸ்டவுன் புகழ்க்கூடத்துப் பலகையே சொல்கிறது. லீக் ஆட்டங்களை மட்டும் எண்ணினால் 200-ஐத் தொடவில்லை. இரண்டுமே பொய் இல்லை. ஓர் அணி ஆண்டில் ஆடிய ஆட்டங்களில் பெரும்பகுதி, ஊர் அணிகளோடு பிழைப்புக்காக ஆடியவை. லீக் ஆட்டம் 60 முதல் 80 வரைதான். அவற்றின் ஸ்கோர்கார்டும் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பின வார இதழ்களில் சிதறிக் கிடந்தது. சிலவற்றில் முதற்பெயர் இருக்காது. சிலவற்றில் ஒரே ஆள் இரு வேறு எழுத்துக்கூட்டலில் வருவார். சில ஆட்டங்களுக்கு வெறும் முடிவு மட்டுமே அச்சானது. ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் நுண்படச் சுருள்களின் முன் அமர்ந்து, ஒருவர் அடித்த ஹிட் (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) எதிரணிப் பந்துவீச்சாளர் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகச் சரிபார்த்தார்கள். சம்பளம் இல்லாத வேலை பெரும்பாலும்.

2020 டிசம்பர் 16 அன்று, 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று நிர்வாகம் அறிவித்தது. பருவம் குறுகியது என்ற பழைய ஆட்சேபம் அந்த ஆண்டு எடுபட்டிருக்காது. பெருந்தொற்றால் மேஜர் லீக்கே 60 ஆட்டங்களோடுதான் பருவத்தை முடித்திருந்தது. 2024 மே மாதம் எண்கள் இணைக்கப்பட்டன. ஆயிரம் வாய்ப்புக்கு 372 ஹிட் என்ற விகிதத்தில் கிப்சன், டை காபை முந்தி வாழ்நாள் சராசரியில் முதலிடம் பெற்றார். 1943 பருவத்தில் அவர் எட்டிய 466, ஒரே பருவத்துக்கான சாதனையானது.

1948-இல் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணிக்காகப் பதினேழு வயதில் ஆடிய வில்லி மேஸின் கணக்கில் 10 ஹிட்கள் கூடின. அவர் அன்று ஆடிய ரிக்வுட் மைதானத்தில் 2024 ஜூன் 20 அன்று மேஜர் லீக் ஆட்டம் ஒன்று நடந்தது. இரண்டு நாள் முன்புதான் மேஸ் தம் 93-ஆம் வயதில் மறைந்திருந்தார். 1948 ஆகஸ்டில் அவர் ஒரு ஹோம் ரன் அடித்ததாகச் செய்தி இருக்கிறது. அந்த ஆட்டத்தின் ஸ்கோர்கார்டு கிடைக்கவில்லை. ஆகவே பதிவேட்டில் அவருடைய ஹோம் ரன்கள் 660-ஆகவே நிற்கின்றன.