மத்தளம்பாறையும் கெர்னலும்

குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் வளைவு காட்டுவது கீழே வந்து சேர்ந்த தண்ணீரை மட்டும்தான். மலைமேல் எந்த ஓடையில் எப்போது மழை இறங்கியது, அது எந்த வழியாக வந்தது என்பதை அது காட்டாது. கம்ப்யூட்டரைக் கண்காணிக்கும் தொழிலிலும் இவை தனித்தனி வேலைகள். சிபியு எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று எண் காட்டுவது ஒரு வேலை. ஒரு கோரிக்கை கெர்னலுக்குள், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவுக்குள், நுழைந்து எந்த ஃபங்ஷனில் காத்துக் கிடந்தது, எந்த டிஸ்க்கில் சிக்கியது என்று வழி காட்டுவது வேறு வேலை. பின்னதைத்தான் டிரேசிங் என்கிறார்கள்.

இதன் வரலாற்றைக் கெட்டிக்காரப் பொறியாளர்களின் ஆர்வக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது போதாது என்று படுகிறது. இயந்திரம் ஓரிடத்திலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறிடத்திலும் என்று ஆனபிறகே டிரேசிங் கட்டாயமாயிற்று. இயந்திரம் மேசையிலேயே இருந்தால் கெர்னலில் இரண்டு இடத்தில் செய்தி அச்சிடும் ‘பிரிண்ட்கே’ வரி சேர்த்து, கம்பைல் செய்து, ரீபூட் பண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் பல ஆண்டுகள் அப்படித்தான் வளர்ந்தது. 1999-இல் கரீம் யாக்மூர் லினக்ஸ் டிரேஸ் டூல்கிட்டைக் கொண்டுவந்தார். அது கெர்னலில் சேரவே இல்லை. கெர்னலுக்குள் டீபக்கர் வைப்பதையே 2000-இல் மறுத்தவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். கோடைப் படித்துப் புரிந்துகொள்கிறவர்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. எழுதியவர் முன்னாலேயே இயந்திரம் ஓடுகிறவரை அந்தக் கட்சியில் நியாயம் இருந்தது. அடுத்த கண்டத்தில் ஒரு வங்கியின் சர்வர் நள்ளிரவில் திணறும்போது அது உதவாது.

தென்காசியின் அண்மைக்கால வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற நிறுவனம் தொடங்கியபோது அதன் சரக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். எங்கோ இருக்கும் ரவுட்டர் தன் நிலைமையைத் தானே சொல்லும்படி அதற்குள்ளேயே ஓர் ஏஜென்ட்டை வைக்கும் எஸ்.என்.எம்.பி முறைதான் அதற்கு அடிப்படை. 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம் 2011-இல் தென்காசிப் பக்கம் வந்தது. அந்தப் பக்கத்து அலுவலகம் இப்போது மத்தளம்பாறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் அங்கே உருவானதுதான். அப்படி வருகிற புகார்கள் பெரும்பாலும் ‘ஸ்லோவா இருக்கு’ என்பதோடு நின்றுவிடும்; காரணத்தை நாம்தான் தேட வேண்டும். மத்தளம்பாறையில் யாரோ லினக்ஸ் கெர்னலுக்கு டிரேசிங் எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை. வயலும் மலையும் சூழ்ந்த ஊரிலிருந்து பார்க்காத சர்வர்களை நடத்த முடிகிறது என்றால், அந்த சர்வர்களுக்குள் யாரோ முன்கூட்டியே கண் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சம்பளமும் நிலமும் மலிவு, அதனால்தான் கம்பெனிகள் கிராமத்துக்கு வருகின்றன என்று இதற்கு மறுப்பு வரும். வரலாம், யாரை வேலைக்கு எடுப்பது என்பதை அது தீர்மானிக்கும். கண்ணில் படாத கோளாறைக் கண்டுபிடிக்க மலிவு உதவாது.

லினக்ஸில் அந்தக் கண்ணை வைத்ததில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. லினக்ஸின் கேப்ரோப்ஸ் என்ற டிரேசிங் வசதிக்கான கோப்பின் முகப்பிலேயே பெயர்கள் இருக்கின்றன: 2002 அக்டோபரில் இந்திய ஐபிஎம்மின் வம்சி கிருஷ்ணா முதல் வடிவம், 2004-இல் சுபர்ணா பட்டாச்சார்யாவும் பிரசன்னா பஞ்சமுகியும் சேர்த்தவை. அதற்கு முன்னோடி ஐபிஎம்மின் டிப்ரோப்ஸ். அதன் வேர் ஓஎஸ்/2 காலத்து டிரேஸ் வசதியில். 2004 அக்டோபரில் 2.6.9 பதிப்பில் கேப்ரோப்ஸ் கெர்னலுக்குள் வந்தது. அது செய்வது இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் நாம் கேட்ட இடத்துக் கட்டளையை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, இன்டெல் சில்லு என்றால் அந்தக் கட்டளையின் முதல் பைட்டில் பிரேக்பாயின்ட் ஒன்றைப் பதிக்கிறது. சில்லு அங்கே வந்து தடுக்கி நிற்கும். நாம் கொடுத்த சிறு கோட் வேண்டியதைக் குறித்துக்கொள்ளும். பிறகு எடுத்துவைத்த கட்டளையை ஓட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேலே போகும். ரீபூட் வேண்டாம், கம்பைல் வேண்டாம். சன் நிறுவனத்தின் டிடிரேஸ் 2005-இல் சோலாரிஸ் 10-உடன் வெளிவந்தபோதும் முதல் நிபந்தனை இதுவே: வாடிக்கையாளரின் ஓடும் இயந்திரத்தில் ஆபத்தில்லாமல் இயங்க வேண்டும். பெரிய இயந்திரங்களை விற்றுவிட்டு அவற்றுக்குத் தொலைவிலிருந்து பொறுப்பேற்கும் கம்பெனிகள் இரண்டும் ஒரே காலத்தில் ஒரே வேலையைக் கையில் எடுத்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி, லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள எஃப்டிரேஸ் என்ற டிரேசிங் கருவி. அதன் மூலவடிவம் இங்கோ மோல்னாரின் தாமதம் அளக்கும் கருவி. அவரும் ஸ்டீவன் ராஸ்டெட்டும் லினக்ஸை நேரந்தவறாமல் ஓடவைக்கத் தங்கள் சொந்தக் கணினிகளிலேயே மல்லுக்கட்டியவர்கள். தொலைவு அவர்களைத் துரத்தவில்லை. உண்மைதான். ஆனால் எஃப்டிரேஸுக்காக ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் ஓர் அழைப்பை வைத்தபோது டிரேசிங் அணைந்திருந்தாலும் ஒரு சோதனையில் 13 சதவீத வேகம் போயிற்று. சொந்த மேசைக்கு அது பாதகமில்லை. ஊரிலுள்ள எல்லார் கணினிக்கும் போகிற கெர்னலில் அதை வைக்க முடியாது. ஆகவே அந்த அழைப்புகளை ஓடும்போதே ஒன்றும் செய்யாத வெற்றுக் கட்டளைகளாக மாற்றினார்கள். முகம் தெரியாதவர்களின் கணினிக்காகத்தான் அந்த வேலை.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். 2008-இல் 2.6.27 தயாராகும்போது இன்டெல்லின் ஒரு வகை நெட்வொர்க் கார்டுகள் திடீரெனச் செத்தன. எஃப்டிரேஸ் குறித்துவைத்திருந்த சில முகவரிகளில் இருந்தது தொடக்க வேலை முடிந்ததும் விடுவிக்கப்படும் கோட். அதே முகவரிகள் பிறகு கார்டின் நிரந்தர நினைவகத்துக்குப் போய்விட்டன. ‘பழைய மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று’ என்ற கட்டளை அங்கே போயிற்று. மதிப்பு பொருந்தாவிட்டாலும் அந்தக் கட்டளை படித்ததையே திருப்பி எழுதும். சாதாரண மெமரிக்கு அதனால் கேடில்லை, கார்டுக்கு அதுவே எமனாயிற்று. 2.6.27.1-இல் அந்த வசதியை முடக்கி, முகவரிகளைக் கம்பைல் நேரத்திலேயே திரட்டும் முறைக்குப் பிறகு மாறினார்கள்.

2014-இல் கெர்னலில் நுழைந்த ஈபிபிஎஃப் என்ற வசதி, பயனர் எழுதிய சிறு நிரலை ஏற்றுமுன் வரிவரியாகச் சோதிக்கிறது. வெளியாரின் கோடைக் கெர்னல் நம்பாது என்பதுதான் அதன் தொடக்கப் புள்ளி. தொலைவு தீர்க்காமல் விட்ட சிக்கல் ஒன்று உண்டு. கெர்னல் கோடிலேயே நிலையாகப் பதிக்கும் கண்காணிப்பு இடமான டிரேஸ்பாயின்ட் ஒன்றை வைத்துவிட்டால் அதை யார் நம்பியிருக்கிறார்கள் என்று வைத்தவருக்குத் தெரியாது. டிரேஸ் பதிவுகளில் பயனற்றுப்போன ஒரு புலத்தை எடுத்தபோது, மின்செலவு பார்க்கும் பவர்டாப் கருவி உடைந்தது. எடுத்ததைத் திரும்ப வைக்கச் சொன்னார் டோர்வால்ட்ஸ். கோப்பு முறைமைப் பகுதியைப் பராமரிக்கும் அல் வைரோ, தன் எல்லைக்குள் டிரேஸ்பாயின்ட்டே வேண்டாம் என்று நின்றதற்கு, வைத்ததை எடுக்க முடியாமல் போகும் என்ற இந்தப் பயமே காரணம்.