‘நைஸ்’: ஹென்றி டில்னியின் சாட்சியம் செல்லுமா?

ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்ற பெயரடை நுட்பமான பொருளை இழந்து வெறும் பாராட்டாகத் தேய்ந்துவிட்டது என்று வாதிடுவோர், ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் ஆபி’ 14ஆம் அதிகாரத்தையே சாட்சிக்கு அழைப்பது வழக்கம். பாத் நகரை ஒட்டிய பீச்சன் குன்றுக்கு நடந்து போகும்போது, ‘உடால்ஃபோ’ நாவலைப் போல ‘நைஸ்’ ஆன புத்தகம் உலகிலேயே இல்லை என்கிறாள் நாவலின் நாயகி கேத்தரின். அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று சீண்டுகிறான் ஹென்றி. தூய்மை, நேர்த்தி, நயம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியதாக இருந்த சொல் இன்று எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது என்பது அவன் கேலி. இதை ஆஸ்டினின் தீர்ப்பாகவே முந்தைய ஆய்வுகள் எடுத்துக்கொண்டன. எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில், ஹென்றி சொல்லும் ‘ஆதிப்பொருள்’ ஆதிப்பொருளே அல்ல. ‘அறியாத’ என்னும் லத்தீன் ‘நெஸ்கியுஸ்’, பழைய பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 1300இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்றால் ‘மடத்தனமான’ என்றே பொருள். ‘எளிதில் திருப்தியடையாத’, ‘துல்லியமான’ என்பவை பின்னர் வந்து சேர்ந்தவை. ‘இனிய’ என்ற பொருளோ 1769 அளவிலேயே பதிவாகிவிட்டது. ஆகவே இந்தக் காட்சியில் நாம் காண்பது ஒரு சொல்லின் சரிவன்று. இடைக்காலத்தில் வந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதையே மூலம் என்று சாதிக்கும் ஓர் இளைஞனின் புலமைச் செருக்கு. நாவல் 1798–99இல் எழுதப்பட்டு 1817 இறுதியில்தான் வெளிவந்தது, இடையில் திருத்தப்பட்டிருக்கலாமே என்பார்கள். இரண்டில் எந்த ஆண்டைக் கொண்டாலும் வாதம் அசையாது.

தமிழ்ச் சமையலறையின் ‘நைஸாக அரை’ என்பதில் அந்தப் பழைய நுண்மைப் பொருள் ஒட்டியிருப்பதாகச் சொல்லத் தோன்றும். ‘நைய அரை’ என்ற நம் வழக்கு பக்கத்திலேயே இருக்கும்போது அவ்வளவு தூரம் போக நான் துணியமாட்டேன்.

மேற்கோள் காட்டுபவர்கள் தாண்டிப் போகும் பகுதிதான் முக்கியம். அது ‘நைஸ்’ ஆன புத்தகம்தானே, அப்படிச் சொன்னால் என்ன என்று கேத்தரின் விடாமல் கேட்கிறாள். ஹென்றியோ அன்றைய பொழுதையும் நடையையும் உடன்வரும் இரு பெண்களையும் அதே அடையால் அடுக்கிக்காட்டிச் சிரிக்கிறான். அந்த வழக்கு எல்லார் வாயிலும் புழங்கியிருந்தாலொழிய இந்தக் கேலி எடுபடாது. உடன்வரும் தங்கை எலினோர் முன்பே அவனைக் கண்டித்தவள். தன் சொற்களில் குற்றம் காண்பதே அண்ணனுக்கு வேலை, இப்போது அகராதி ஆசிரியர் ஜான்சனையும் சொல்லாட்சி இலக்கணம் வகுத்த பிளேரையும் கொண்டு நம்மை மூழ்கடித்துவிடுவான் என்று தோழியை எச்சரித்தவள். இப்போது அதே சொல்லை அவன்மீதே திருப்புகிறாள்: பாராட்டு எதுவும் கலவாமல் அது உனக்குத்தான் பொருந்தும், உன்னிடம் விவேகத்தைவிட ‘நைஸ்’ தன்மையே அதிகம் என்கிறாள். இங்கே அதற்கு நொட்டைபிடிக்கும் குணம் என்று பொருள். ஹென்றி உயர்த்திப் பிடித்த பழைய பொருளின் உறவுதான் அது. எலினோர் வாயில் வசையாகிவிடுகிறது. ஆஸ்டின் யார் பக்கம் என்று அறுதியிட முடியாதுதான். ஆனால் எலினோருக்கு ஹென்றியிடம் மறுமொழி இல்லை. அவனை விட்டுவிட்டு, கேத்தரினோடு சேர்ந்து மீண்டும் ‘உடால்ஃபோ’வைப் புகழப் போய்விடுகிறாள் அவள்.