மீள்திறன் யாரால் உருவாகிறது? கவாய், புக்காரெஸ்ட் ஆய்வுகள் காட்டுவன

கடும் இன்னல்களுக்கு நடுவே வளரும் குழந்தை நிலைகுலையாமல் தேறி வருவதை உளவியலாளர்கள் மீள்திறன் என்கின்றனர். அது குழந்தைக்குள்ளேயே உறையும் குணம், வகுப்பறைப் பயிற்சியால் அதை வளர்த்துவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. நீண்டகால ஆய்வுகளோ குழந்தை யாருடைய அரவணைப்பில் வளர்கிறது என்பதற்கே கூடுதல் எடை தருகின்றன.

இவற்றில் முன்னோடி, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் நடந்த ஆய்வு. 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் குழுவினர் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தனர். பலர் கரும்பு, அன்னாசித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பிரசவச் சிக்கல், வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய், ஓயாத குடும்பச் சண்டை முதலிய இடர்களில் நான்கையோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள் சந்தித்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். அவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ தடுமாறினர். 72 பேர் அவ்வாறு தடுமாறவில்லை.

அந்த 72 பேரும் மேதைகள் அல்லர். கைக்குழந்தையாக இருந்தபோதே எளிதில் பழகுபவர்களாக இருந்தனர். இரண்டு வயதில் எதையும் தாமே செய்ய முயன்றனர். முடியாதபோது தயங்காமல் பெரியவர்களிடம் உதவி கேட்டனர். பத்து வயதில் நன்றாக வாசித்தனர். பெற்றோரால் இயலாத வீடுகளில் பாட்டியோ அக்காளோ சித்தியோ அவர்களை அரவணைத்தனர். பள்ளியில் பிடித்தமான ஆசிரியர் ஒருவர் இருந்தார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற வீட்டுப் பொறுப்புகளும் பலர் தோளில் இருந்தன. தன் உதவி வீட்டுக்குத் தேவை என்று உணரும் பிள்ளைக்குத் தன்மதிப்பு வளர்கிறது என்பது வெர்னரின் விளக்கம். பாரம் அளவுமீறினால் அதே பொறுப்பு பிள்ளைப் பருவத்தைப் பறித்துவிடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தேறியவர்களும் விலை கொடுக்காமல் தேறவில்லை: வளர்ந்தபின் ஆண்கள் சிலர் நெருங்கிய உறவுகளில் ஒட்டாமல் விலகியே இருந்தனர்.

அரவணைப்பே முக்கியம் என்ற இந்த முடிவுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிரித்த முகக் குழந்தையைப் பெரியவர்கள் தாமாகவே தேடி வருவார்கள்; எனவே அரவணைப்பே குழந்தையின் குணத்தால் வந்த விளைவாக இருக்கலாம் அல்லவா? கவாய்த் தரவுகளால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் சார்ல்ஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகியோர் நடத்திய ஆய்வுதான் அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியது. அரசுக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். குணம் பார்த்துத் தேர்ந்தெடுக்க அங்கே வழியில்லை. அப்படியிருந்தும் குடும்பத்துக்குப் போன குழந்தைகளிடம் பற்றுறவு, அதாவது வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பு, மேம்பட்டது. பதற்றம், மனச்சோர்வு போன்ற உணர்வுக் கோளாறுகள் குறைந்தன. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் பற்றுறவிலும் அறிவு வளர்ச்சியிலும் கூடுதல் பயன் பெற்றனர். கவனக்குறைவுக் கோளாற்றில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆக, அரவணைப்பு குணத்தின் நிழல் மட்டுமன்று, தானே ஒரு காரணி. ஆனால் எல்லாவற்றையும் சரிசெய்யும் காரணி அன்று.

எனவே உணர்வுகளை அடையாளம் காணவும் மூச்சுப் பயிற்சி செய்யவும் கற்றுத்தரும் பாடவேளைகள் துணைக்கருவிகளே. உதவி கேட்கப் பழக்கிவிட்டு, கேட்டால் செவிசாய்க்க ஆளில்லாமல் விடும் பள்ளியில் அவற்றால் அதிகப் பயன் விளையாது. ஒரே ஆசிரியர் சில ஆண்டுகள் தொடர்ந்து ஒரு மாணவரைக் கவனிக்கும் ஏற்பாடும், பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு நேரடியாகச் சேரும் உதவியும் இந்த ஆய்வுகளின் போக்குக்கு நெருக்கமானவை.

இளமையில் வாய்ப்புத் தவறினால் கதவு மூடிவிடும் என்றும் கொள்ள முடியாது. கவாயில் பதின்பருவத்தில் தடம்புரண்ட பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் தேறினர். சமுதாயக் கல்லூரி, ராணுவப் பணி, நிலையான மணவாழ்க்கை, தேவாலயக் கூட்டுறவு ஆகியவை அவர்களுக்கு உதவிய வழிகள்; இவற்றில் எதுவும் மீள்திறன் வளர்ப்பதற்கென்று தொடங்கப்பட்டதன்று.