மின்கிட்டார் மாற்றியமைப்பு

தொழிற்சாலையிலிருந்து வந்த மின்கிட்டாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), மின்சுற்று, பிரிட்ஜ், நெக், ஃபிரெட் ஆகியவற்றை வாசிப்பவர் தம் கைக்கும் காதுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது மின்கிட்டார் மாற்றியமைப்பு எனப்படும். பல கிட்டார்களைச் சேர்த்து வைத்திருப்போரிடையே இது ஓயாத விவாதம். கடையிலிருந்து வந்தபடியே வைத்திருப்பதுதான் கருவிக்குச் செய்யும் மரியாதை என்று ஒரு சாரார் உறுதியாக நம்புகிறார்கள். ஆனால் இக்கருவியின் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. பிரித்து, மாற்றி, மறுபடி பூட்டுவதற்கென்றே உருவான கருவி இது. அதை மாற்றுவதும் அதை வாசிப்பதன் ஒரு பகுதிதான்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பழுதானதைப் பிரித்துப் பார்க்க நன்றாகத் தெரியும். 1950-இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த கிட்டாரில் நெக்கை ஒட்டாமல் திருகாணிகளால் பூட்டினார். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (சுருக்கமாக ஸ்ட்ராட்) பிக்கப்புகள், ஸ்விட்ச், வால்யூம், டோன் எல்லாமே ஒரே முகத்தகட்டில் தொங்கும். சில திருகாணிகளைக் கழற்றினால் மின்சுற்று ஏறக்குறைய மொத்தமும் கையோடு வந்துவிடும். இப்படி அமைத்தவர், உள்ளே யாரும் கை வைக்கக்கூடாது என்று நினைத்திருக்க முடியாது. வாசித்தவர்களும் கை வைத்தார்கள். ஸ்ட்ராட்டின் ஸ்விட்சுக்கு முதலில் மூன்று நிலைகள்தான். இரண்டு நிலைகளுக்கு நடுவே அதை நிறுத்திவைத்தால் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து தனி நாதம் தருவதைக் கலைஞர்கள் கண்டுபிடித்தனர். ஃபெண்டர் நிறுவனம் ஐந்து நிலை ஸ்விட்சைக் கொடுக்க 1977 வரை ஆனது. தொழிற்சாலை வாசிப்பவரிடம் பாடம் கேட்ட கதை இது.

இசைத்தட்டுகளில் நாம் கேட்டுப் பழகிய புகழ்பெற்ற நாதங்கள் பலவும் மாற்றப்பட்ட கருவிகளில் பிறந்தவை. எரிக் கிளாப்டன் 1970-இல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட்டுகள் ஆறு வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ‘பிளாக்கி’யை உருவாக்கினார். எடி வான் ஹேலன் இன்னும் துணிந்தவர். தொழிற்சாலை கழித்துவிட்ட உடலையும் தனியாக வாங்கிய நெக்கையும் சேர்த்து, அதில் கிப்சன் கிட்டார் ஒன்றிலிருந்து கழற்றிய ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பைப் பொருத்தினார். அதிக ஒலியில் அந்தப் பிக்கப் கீச்சிட்டது. சுருளின் கம்பிகள் அதிர்வதே காரணம் என்று புரிந்துகொண்டு, பிக்கப்பை உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்தார். ஸ்ட்ராட்டின் வடிவமும் கிப்சனின் கனத்த குரலும் சேர்ந்த அப்படியொரு கிட்டார் அன்று எந்தக் கடையிலும் இல்லை. 1978-இல் அவரது குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்த பிறகு, அந்தச் சேர்க்கையைப் பல நிறுவனங்கள் விற்பனைக்கே கொண்டுவந்தன.

மாற்றினால் விலை போய்விடும் என்பது முதல் மறுப்பு. புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டில் நெக் பலமுறை மாறியது; பிக்கப் மாறியது; வேறொரு டிரெமோலோ பிரிட்ஜுக்காக உடலில் குடைந்த பள்ளம் பின்னர் மரத்தால் அடைக்கப்பட்டது. 2019-இல் அது 39,75,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை கில்மோருக்குக் கிடைத்தது, பள்ளத்துக்கு அல்ல என்று ஒருவர் சொன்னால் அது நியாயமே. 1958 முதல் 1960 வரை வந்த கிப்சனின் சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார் ஒன்று கையில் இருந்தால், அதன் ஈயப்பற்றைக்கூடத் தொடாமல் விடுவதுதான் அறிவு. அந்தக் காலத்துக் கைவேலைக்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த விதியை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகும் இன்றைய கிட்டார்களுக்கும் நீட்டுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அசலா, மாற்றியதா என்று கேட்பதைவிட, மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

மின்சுற்றில் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை திரும்ப மாற்றக்கூடியவை. பலன் அதிகம் கிடைப்பதும் அங்கேதான். வால்யூம் குமிழின் கீழே இருப்பது ஒரு மாறுமின்தடை. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புகளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். மின்தடை கூடக்கூட உச்ச அதிர்வெண்கள் குறையாமல் வெளிவரும், ஒலி பளிச்சென்று இருக்கும். மங்கலாக ஒலிக்கும் ஹம்பக்கர் கிட்டாருக்குள் சிலநேரம் 250 கிலோ ஓம் பாகம் இருக்கும். மாற்றியதும் குரல் திறந்துவிடும். வால்யூமைக் குறைத்தால் ஒலி மந்தமாவது இன்னொரு குறை. குமிழின் மின்தடையும் நீளமான கேபிளின் மின்தேக்குதிறனும் சேர்ந்து உச்ச ஒலியை வடிகட்டிவிடுவதால் இப்படி ஆகிறது. மாறுமின்தடையில் சிக்னல் உள்ளே வரும் காலுக்கும் வெளியேறும் காலுக்கும் இடையே 0.001 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால், வால்யூம் இறங்கினாலும் தெளிவு இறங்காது. சில ரூபாய் செலவாகும் இந்த வேலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு நிமிடம் போதும்.

நாதம் விரலில்தான் இருக்கிறது, மரத்தில்தான் இருக்கிறது, கம்பியையும் மின்தேக்கியையும் மாற்றி என்ன ஆகப்போகிறது என்பது இரண்டாவது மறுப்பு. விரலின் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சிங்கிள் காயிலில் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் ஏறுவதை எந்த விரலாலும் தடுக்க முடியாது. அதற்காகத்தான் கிப்சனின் சேத் லவர், காந்தமுனையும் சுற்றும் எதிரெதிராக அமைந்த இரண்டு சுருள்களை இணைத்து, 1955-இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கோரினார். உட்பள்ளத்தில் செப்புத் தாள் ஒட்டினாலே இரைச்சல் முழுக்க அடங்கிவிடும் என்று சொல்வதும் சரியல்ல. அது மின்புலத்தால் வரும் கரகரப்பைத் தடுக்கும். காந்தப்புலத்தால் வரும் முனகல் அப்படியே இருக்கும். மரத்தைப் பொறுத்தவரை, திடஉடல் கிட்டாரில் அதன் பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. சர்ச்சையே இல்லாதது பிக்கப்பின் உயரம். காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் தந்தியையே இழுத்துப் பிடித்துச் சுருதியைக் கலங்கடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சற்றே இறக்கினால் சரியாகிவிடும். புதுப் பிக்கப் வாங்குவதற்கு முன்பு இதைச் செய்துபார்க்காதவர்கள் வீண்செலவு செய்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

மரத்தைத் தொடும் வேலைகள் வேறு வகை. அவற்றைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. ஃபிரெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைப் பிறைபோலக் குடைவது இவற்றில் முக்கியமானது. விரல் நுனி மரத்தில் படாமல் தந்தியில் மட்டும் படுவதால், தந்தியை அழுத்தியும் இழுத்தும் சுரத்தை அசைக்கலாம். இது வீணையின் இயல்பு. வீணை கற்ற கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1970-களில் சக்தி குழுவுக்கென அமைத்துக்கொண்ட கிட்டாரில், அது மின்கிட்டார் இல்லையென்றாலும், குடைந்த விரல்பலகை இருந்தது. ராக் இசையில் ரிச்சி பிளாக்மோரும் இங்வே மால்ம்ஸ்டீனும் ஸ்ட்ராட்டிலேயே இதைச் செய்துகொண்டார்கள். அதே தேவை மாண்டலின் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸை வேறு வழியில் கொண்டுசென்றது. இரட்டைத் தந்திகள் நான்கு கொண்ட மாண்டலினை விட்டுவிட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்மாண்டலினை அவர் கையாண்டதால்தான் அதில் கமகம் பேசியது. இசை அதைக் கோரும்போது மரத்தைக் குடையலாம். ஆனால் விரல்பலகைகளுக்குப் பயன்படும் இந்திய ஈட்டி மரம் எளிதில் கிடைப்பதல்ல; ஆசைக்காக அதில் உளி வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

வேறு குரல் வேண்டுமென்றால் இன்னொரு கிட்டார் வாங்கலாமே என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பாகத்தை மாற்றிப் பெற முடியாத வேறுபாட்டுக்காக வாங்கலாம். ஃபெண்டரின் தந்தி நீளம் சுமார் 648 மி.மீ., கிப்சனுடையது சுமார் 628 மி.மீ. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினாலும் நீளமானதில் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல். விரல் அதை உடனே உணரும். ஒட்டிய நெக்கும் பூட்டிய நெக்கும், உள்ளீடற்ற உடலும் திடஉடலும் இப்படிப்பட்ட வேறுபாடுகளே. இவற்றுக்காக மூன்று, நான்கு கிட்டார்கள் வைத்திருப்பதில் பொருள் உண்டு. ஒரே அமைப்பில் பிக்கப் மட்டும் வேறான ஐந்து ஸ்ட்ராட்டுகளுக்கு ஒரு ஸ்ட்ராட்டும் ஈயம் பற்றவைக்கும் கோலும் ஈடாகும். கழற்றிய அசல் பாகங்களை அந்தந்தக் கிட்டாரின் பெட்டியிலேயே தேதியெழுதி வைத்துவிட்டால், அடுத்து அதை வாங்குபவருக்கு எதை விரும்புகிறாரோ அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் மிஞ்சும்.