போகிய வீடு: புகாராவிலிருந்து கள்ளக்குறிச்சி வரை

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகமும், 2022இல் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் ஊருக்குப் புதிய குடும்பங்களை அழைத்து வந்தன. கல்வராயன் மலையிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இறங்கி வந்து வீடு தேடுவோரும் உளர். வாடகையைக் கேட்டு மலைத்து நிற்போருக்குத் தரகர்கள் காட்டும் வழி போகியம். ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது அத்தொகை குறையாமல் திரும்ப வரும்.

"ஹஜ்ரத், இது கூடுமா?" என்று நம்மிடம் கேட்போர் பலர். இக்கேள்வி இன்று பிறந்ததன்று.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் புகாரா மக்கள் கடன் சுமையால் தவித்தனர். வட்டியின்றிக் கடன் கொடுக்க ஆளில்லை. ஆகவே சொத்தை விற்பதுபோல் விற்று, பணத்தைத் திருப்பித் தரும்போது சொத்தும் திரும்ப வேண்டும் என ஒப்பந்தம் செய்தனர். அதுவரை அதன் பலன் வாங்கியவருக்கே. இது 'பைஉல் வஃபா' எனப்பட்டது. ஹனஃபி அறிஞர்களில் சிலர் மக்களின் தேவை கருதி இதை அனுமதித்தனர். வேறு சிலர், "இது பெயரளவில்தான் விற்பனை, உண்மையில் அடமானம், எனவே பலனை அனுபவிக்கலாகாது" என்றனர். உஸ்மானியப் பேரரசின் 'மஜல்லா' சட்டத்தொகுப்பும் இதற்கு இடமளித்தது. இறுதியாக 1992இல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, இது ஆதாயம் ஈட்டும் கடனே என்பதால் கூடாது எனத் தீர்மானித்தது.

நம் நாட்டின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும் கடனுக்கு ஈடாகச் சொத்தை ஒப்படைத்து அதன் பலனை அனுபவிக்க விடுவதை அடமான வகைகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. கொடுத்த பணம் கடன்; அதற்கு ஈடாகக் குடியிருப்பது அக்கடனால் வரும் ஆதாயம். பெருந்தொகை கொடுத்ததற்காக வாடகையைப் பெயரளவுக்குக் குறைப்பதும் இதன் மறுவடிவமே. அத்தொகையைத் திரட்ட நகையை வட்டிக்கு அடகு வைப்போரின் நிலை இன்னும் கடினம். வீட்டுக்காரர் பணத்தைச் செலவழித்துவிட்டால் குடியிருப்பவர் பரிதவிக்க நேரும்.

அவ்வாறாயின் ஏழைக்கு வழி என்ன? கி.பி. 622இல் வீடின்றி மதீனா வந்த முஹாஜிர்களுக்கு அன்சாரிகள் தம் இல்லங்களைத் திறந்துவிட்டனர். நபி (ஸல்) அவர்களே அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். அன்சாரிகளின் இப்பண்பை அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 9ஆம் வசனம் புகழ்கிறது.

வாடகை ஒப்பந்தமோ நான்கு மத்ஹபுகளிலும் ஆகுமானது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள தமிழக வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்கு முன்பே கற்பித்துள்ளது.

ஆகவே நம்முள் வீடுடையோர் சிறிய முன்பணமும் நியாயமான வாடகையும் பெற்றுக்கொள்ளட்டும். முன்பணத்துக்கு வழியற்றோருக்கு ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடன் வழங்கட்டும். அன்று புகாராவில் அத்தகைய கடன் கிடைத்திருந்தால் பைஉல் வஃபாவுக்குத் தேவையே எழுந்திராது.

ஹலாலான கூரையின்கீழ் நம் பிள்ளைகள் வளர அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.